பூஜ்யம், பாக்கி

சில்வர் ஓக் ஒன்று கம்பிமேல் சாய்ந்த புதன்கிழமை
நாகலூரில் கரண்ட் போனது.
ஒரு மணி நேரத்தில் வந்துவிடும் என்றார்கள்.
மேகத்தின் நிறத்தைப் பார்த்து
மெழுகுவர்த்திப் பெட்டியை முன்னால் எடுத்து வைத்தேன்.
கடைக்காரிக்கு வேறு ஜோசியம் தெரியாது.

முதலில் தீர்ந்தது ஐந்து ரூபாய் வெள்ளை.
மெலிந்த குச்சி, முக்கால் மணிக்கு மேல் நிற்காது.
ஆனாலும் அதைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள்.
டம்ளரைக் கவிழ்த்து, முதுகில் இரண்டு சொட்டு விட்டு,
சூடு ஆறுமுன் ஊன்றிவிட்டால்
சோறு பொங்கி ரசம் கொதிக்க அது போதும்.

பத்து ரூபாய்த் தடியனை
எஸ்டேட் ரைட்டர் இன்னாசி டஜனாக வாங்கிப்போனார்.
வெளிச்சத்துக்கு இல்லையாம்.
காபிக்கொட்டை சாம்பிளைக் கவரில் போட்டு
வாயை மடித்துச் சுடரோரம் ஒருமுறை இழுத்தால்
மிஷினைவிட நேராக ஒட்டுமாம்.
அவர் விரல் நுனிகளைப் பார்த்தேன். நம்பினேன்.

யாருக்கு வேண்டும் வெளிச்சம்?
மழையில் உப்பிய கதவோடு மல்லுக்கட்டிய பிலோமினா
அதன் விளிம்பில் தேய்த்தே ஒன்றைத் தீர்த்தாள்.
டெய்லர் காதருக்கு ஜிப்பில் தடவத் துண்டு போதும்,
எரிந்த மிச்சம்தானே என்று
அதற்கும் பாதி விலை பேசினார்.

கல்லறைத் திருநாளுக்கு வாங்கி மீந்த
சிவப்புக் கண்ணாடிக் கிண்ணங்கள் பன்னிரண்டு.
காற்றுக்கு அணையாது என்பதால் அவையும் போயின,
கோழிக்கூண்டுக்கு, கக்கூஸுக்கு.
செத்தவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்,
நவம்பர் குளிர் அவர்களுக்கும் தெரியும்.

டப்பா லாவெண்டர் மட்டும் அசையாமல் இருந்தது.
நூற்றெண்பது ரூபாய், காட்டேஜ்காரர்களுக்காக வைத்தது.
வேறு வழியின்றி வாங்கிப்போன வாட்ச்மேன் சம்சாரம்
மறுநாள் வந்து சொன்னாள்:
கருவாட்டுக் குழம்பு சோப்பு மாதிரி இருந்துச்சு.

வெள்ளி இரவு பெட்டியில் எண்கள்தான் மிச்சம்.
கேக்கின்மேல் குத்துகிற எண்கள், ஓரத்தில் தங்கப்பொடி.
ஒன்று எப்போதோ தீர்ந்துவிட்டது,
இங்கே முதல் பிறந்தநாளோடு கேக் ஆசை முடிந்துவிடும்.
ஏழும் எட்டும் வீடுவீடாகப் போயின.
என் பங்குக்கு இரண்டைக் கொளுத்தி
எதிரே உட்கார்ந்து பார்த்தேன், செல்போனும் செத்திருந்தது.
ஏழு முதலில் கூரையை இழந்தது,
பிறகு சாய்ந்த ஒன்றாக நின்றது.
எட்டு தலை கரைந்து
தன் வயிற்றளவு சுருங்கியது.

பதினொரு மணிக்கு ஷட்டரைத் தட்டினான்
லைன்மேன் செங்கோடன்.
முட்டிவரை சேறு, தோளில் கயிறு.
மஞ்சக்குட்டை வரைக்கும் இழுத்துட்டோம் அக்கா,
இன்னும் நாலு கம்பம்.
எங்க வீட்லயும் இருட்டுதான், மெழுகுவர்த்தி இருக்கா?

பூஜ்யம்தான் இருக்கு என்றேன்.

சரி என்று திரும்பி நடந்தான்.
இரண்டு முறை கூப்பிட வேண்டியிருந்தது.
கையில் வாங்கி, டார்ச்சில் திருப்பிப் பார்த்து,
நடுவிலிருந்த ஓட்டை வழியே
ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்தான்.
இருமலா சிரிப்பா, தெரியவில்லை.
நோட்டெல்லாம் நனைஞ்சு கெடக்கு,
அப்புறம் தர்றேன்.

சனிக்கிழமை பத்தேகாலுக்கு
ஃபிரிட்ஜ் தொண்டையைச் செருமிக்கொண்டு ஓட ஆரம்பித்தது.
பால் கவர்களை முகர்ந்து முகர்ந்து
ஒவ்வொன்றாகக் கொட்டிக்கொண்டிருந்தேன்.
கணக்கு நோட்டைப் புரட்டிய என் வீட்டுக்காரர் கேட்டார்:
'செங்கோடன், பூஜ்யம், பாக்கி.'
இதை எதுக்கு எழுதி வெச்சிருக்கே?

பதில் சொல்ல நேரமில்லை.
மேசையில் உறைந்திருந்த எட்டையும் ஏழையும்
கத்தியால் சுரண்டி டப்பாவில் போட்டேன்.
எங்கள் கதவும்
உப்பித்தான் கிடக்கிறது.